பிறக்கவிருக்கும் குழந்தைக்கு என்ன துணி எடுத்து வைப்பது?

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்த பின், பரிசோதனைக்கு வரும் குடும்பத்தினரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், குழந்தைக்குத் துணி எடுக்கப் போகிறோம். என்ன கலரில் எடுக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்." கேட்பவர் முகத்தில் புன்னகை இருக்கும். கேள்வியும் துணியைப் பற்றியதாகவே இருக்கும். ஆயினும் அவர் அறிய விரும்புவது நிறத்தை அன்று என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இக்கேள்விக்கு நாங்கள் எப்போதும் ஒரே விடையைத்தான் கூறுகிறோம்: "வெள்ளை எடுங்கள்; பழையதாயினும் தூய பருத்தியாக எடுங்கள்." இது மழுப்பல் அன்று. முழுமையான மருத்துவ விடையே இதுதான். ஏன் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நிறத்தின் பெயரால் கேட்டாலும் சட்டம் ஒன்றே

கருவிலுள்ள சிசுவின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடை செய்யும் சட்டம் 1994-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, 1996-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது மேலும் வலுப்பெற்றது. பாலினத்தைச் சொல்லாலோ, சைகையாலோ, வேறு எவ்வகையாலோ தெரிவிக்கக் கூடாது என்று அச்சட்டம் கூறுகிறது. ஆகவே "நீலம் எடுங்கள்" என்று மருத்துவர் சொல்வதும், ஸ்கேன் அறையில் ஒருவர் இளஞ்சிவப்புத் துணியைச் சுட்டிக் காட்டுவதும் குற்றமே.

தண்டனை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. பாலினத்தை அறிந்து சொல்லும்படி நாடிச் செல்லும் கணவர், மாமியார், உறவினர் ஆகியோர்க்கும் முதல் முறை மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். மீண்டும் அக்குற்றம் புரிந்தால் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். கருவுற்ற பெண் வற்புறுத்தப்பட்டே சோதனைக்கு உட்பட்டார் என்று சட்டம் முதலில் கொள்கிறது. அவர் தாமாகவே விரும்பினார் என்பது மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர்மீது குற்றம் சுமத்துவதில்லை.

இச்சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை நம் பகுதியினர்க்கு நெடிது விளக்க வேண்டியதில்லை. இயற்கையில் 1000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்டோரில் 1000 ஆண்களுக்கு 943 பெண்களே இருந்தனர். மாநில அளவில் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றும். சில மாவட்டங்களில் மட்டும் நோக்கினால் பெரிதாகும். பெண் சிசுக்களைக் காக்க 1992-ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், 2011-ஆம் ஆண்டு வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அவற்றுள் உளுந்தூர்பேட்டை அப்போது அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டமும் ஒன்று. அண்மைக் காலத்திலும், கையடக்க ஸ்கேன் கருவிகளைக் கொண்டு மறைவிடங்களில் பாலினம் பார்த்துச் சொன்னவர்கள் வட மாவட்டங்களில் பிடிபட்ட செய்திகளை நாம் படித்தே வருகிறோம். அத்தகைய இடங்களில் நடக்கும் கருக்கலைப்பில் சிசுவோடு தாயின் உயிரும் ஊசலாடுகிறது. முறையற்ற சோதனை பற்றி அறிபவர் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.

வயிற்றைப் பார்த்துச் சொல்லும் ஆரூடம்

ஸ்கேன் மூலம் அறிய இயலாது என்று தெரிந்தபின் சிலர் ஆரூடத்தை நாடுகின்றனர். வயிறு கூர்மையாக இருந்தால் ஆண், பரந்திருந்தால் பெண்; புளிப்பில் ஆசை எனில் ஒன்று, இனிப்பில் ஆசை எனில் மற்றொன்று; முகம் களையிழந்தால் ஒன்று, மெருகேறினால் மற்றொன்று. இவற்றுள் எதற்கும் மருத்துவ அடிப்படை இல்லை. வயிற்றின் வடிவம் தாயின் உடலமைப்பையும், வயிற்றுத் தசைகளின் உறுதியையும், குழந்தை கிடக்கும் நிலையையும் பொறுத்தது. பாலினம் கருத்தரிக்கும் கணத்திலேயே தந்தையின் உயிரணுவால் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. தாய் உண்பதும், நினைப்பதும், வேண்டுவதும் அதனை மாற்றுவதில்லை. பெண் குழந்தை பெற்றதற்காகத் தாயைக் குறை கூறுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஆரூடம் சொல்வோருக்கு ஊரில் மதிப்பு குறைவதில்லை. காரணம் எளிது. விடை இரண்டே இரண்டுதான். யார் எதைச் சொன்னாலும் ஏறத்தாழப் பாதி முறை பலித்துவிடும். பலித்தவற்றை ஊர் பேசும், பலிக்காதவற்றை மறந்துவிடும்.

பிரசவ அறைக்கு வெளியே நாங்கள் காண்பது

ஆரூடத்தை நம்பி உடை வாங்கி வருவோரால் நேரும் ஒரு காட்சியைக் கூறுகிறோம். பிரசவம் முடிந்து, செவிலியர் வெளியே வந்து குழந்தைக்கான துணியைக் கேட்கிறார். பை திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பவை யாவும் நீலநிறச் சட்டைகள், பிறந்திருப்பதோ பெண். "இதைப் போடுவதா?" என்று ஒருவர் தயங்குகிறார். "கடைக்குப் போய் வேறு வாங்கி வருகிறேன்" என்று மற்றொருவர் எழுகிறார். பாட்டி பேசாமல் சுவரோரம் அமர்ந்துவிடுகிறார். உள்ளே தாய் இவை அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்கு இரண்டு தீங்குகள் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று, உலகுக்கு வந்த சில நிமிடங்களிலேயே அக்குழந்தை "எதிர்பார்த்தது அன்று" ஆகிவிடுகிறது. மற்றொன்று, குடும்பம் தயங்கி நிற்கும் நேரத்தில் குழந்தையின் உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது. முதலாவதை மருந்தால் தீர்க்க இயலாது. இரண்டாவது உயிருக்கே கேடாகலாம்.

உடையின் முதற்பணி: வெப்பம் காத்தல்

கருப்பையினுள் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்த குழந்தை, பிறந்தவுடன் ஈர உடலுடன் அதனினும் குளிர்ந்த அறைக்கு வருகிறது. ஈரம் ஆவியாகும்போது உடல் வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. பச்சிளங்குழந்தையின் தோல் மெல்லியது. தோலடிக் கொழுப்பு குறைவு. எடையுடன் ஒப்பிட உடற்பரப்பு அதிகம். தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு இருப்பதால், மூடப்படாத தலை வழியே வெப்பம் மிகுதியாக வெளியேறும். பெரியவர்களைப்போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அக்குழந்தைக்கு இயலாது.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரை இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுக்கும்; இரத்தத்தில் சர்க்கரை குறையும்; மூச்சுத் திணறலும் உண்டாகலாம். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தோ குறைமாதத்திலோ பிறந்த குழந்தைக்கு இவ்வாபத்து மேலும் மிகுதி.

ஆகவே பிறந்தவுடன் குழந்தையை உலர்த் துணியால் துடைத்து, அந்த ஈரத்துணியை அகற்றி, தாயின் மார்பின்மேல் தோலோடு தோல் படும்படி கிடத்தி, தலைக்குக் குல்லா அணிவித்து, மேலே மற்றோர் உலர்த் துணியால் போர்த்துகிறோம். குழந்தையின் முதல் உடை தாயின் உடலே. மற்ற துணிகள் யாவும் அதற்குத் துணை. பிறந்து 24 மணி நேரம் கழியும் வரை குளிப்பாட்ட வேண்டா.

வீட்டில் வெப்பமானி இல்லையெனினும் கையால் அறியலாம். புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

1. வயிறும் பாதமும் இளஞ்சூடாக இருந்தால் குழந்தை நலமாக உள்ளது.
2. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. மேலும் ஒரு துணி போர்த்துங்கள், மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள்.
3. இரண்டும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. மார்போடு அணைத்தபடியே உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பொதுவாக, நாம் அணிவதைவிட ஓர் அடுக்குக் கூடுதலாக அணிவித்தால் போதும். மார்கழியில் கல்வராயன்மலைக் கிராமங்களுக்குக் குழந்தையை எடுத்துச் செல்வோர், குல்லாவும் காலுறையும் அணிவித்து, தாயின் மார்போடு அணைத்துச் செல்ல வேண்டும். கத்திரி வெயிலில் உளுந்தூர்பேட்டையில் அவ்வாறு பொதிந்து வைத்தால் குழந்தைக்கு வெப்பத்தால் காய்ச்சலும் நீர்வறட்சியும் உண்டாகும். அப்போது மெல்லிய பருத்தி ஒன்றே போதும். உறங்கும்போது குல்லா வேண்டா. எந்தப் பருவத்திலும் உறங்கும் குழந்தையின் முகத்தைத் துணி மூடக்கூடாது. இவ்வறிவுரைகளில் ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என எதுவுமில்லை.

புதுத்துணி எடுக்கக் கூடாது என்னும் வழக்கம்

"பிறக்கும் முன் புதுத்துணி எடுக்கக் கூடாது" என்று நம் பெரியவர்கள் கூறுவர். பிறந்த குழந்தைகள் பல தங்காமற்போன காலத்தின் துயரம் அவ்வழக்கத்தில் உள்ளது. அதனை நாங்கள் இகழ்வதில்லை. நீண்ட ஆயுள் வாழ்ந்த தாத்தாவின் வேட்டியிலோ பாட்டியின் புடவையிலோ குழந்தையை முதலில் ஏந்தும் வழக்கம், மருத்துவ நோக்கிலும் நல்லதே. பலமுறை துவைத்த பருத்தி மென்மையானது, ஈரத்தை உறிஞ்சும், புதுத்துணியின் கஞ்சியும் சாயப் பசையும் அதில் இரா. வேட்டிக்குப் பாலினமும் இல்லை. அதில் ஏந்தப்பெற்ற பேரனும் பேத்தியும் ஒன்றே.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, துணியைச் சோப்பிட்டுத் துவைத்து, நன்கு அலசி, வெயிலில் முழுதும் உலர்த்தி, தூய பையில் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். பிரசவ நாளில் அலமாரியில் கைக்கு அகப்பட்டதை உருவி வருதல் கூடாது.

இரண்டாவது மிக முக்கியமானது. பெட்டியில் பாச்சை உருண்டை, அதாவது அந்துருண்டை, போட்டு வைத்திருந்த துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டா. அதிலுள்ள நாப்தலீன் துணியில் தங்கி, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் உடலினுள் செல்லும். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். கடுமையான காமாலை மூளையையும் தாக்கவல்லது. குழந்தைக்கு அக்குறைபாடு உண்டா என்பது பிறக்கும் முன் பெரும்பாலும் தெரியாது. எனவே குழந்தைத் துணி உள்ள பெட்டியில் அந்துருண்டையும் வேண்டா, சூடமும் வேண்டா.

ஏன் வெள்ளை?

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான நிறம் என்று கடைக்காரர் பெரும்பாலும் மஞ்சளை எடுத்துப் போடுவார். மங்கல நிறமாதலால் வீட்டாரும் மகிழ்வர். முதல் இரு வாரங்களுக்கு மட்டும் மஞ்சளைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளுக்கு இயல்பாக வரும் காமாலை பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி நான்காம் ஐந்தாம் நாளில் மிகும். மஞ்சள் துணியின் சாயல் தோலின்மேல் படிந்தால் அதனைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். வெள்ளைத் துணியில் கிடத்திப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், பெற்றோரே காணலாம். பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும் உடனே வர வேண்டும்.

இடுப்புத் துணியும் வெள்ளையாக இருந்தால் அது தாய்க்குப் பல செய்திகளைக் கூறும். ஐந்தாம் நாள் முதல் ஒரு நாளைக்கு ஆறு துணிகளாவது சிறுநீரால் நனைந்தால், தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று கொள்ளலாம். முதலில் கரும்பச்சையாக வரும் மலம், நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். மலம் சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தால் கல்லீரல், பித்தநாளக் கோளாறாக இருக்கலாம். காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிதளவு வெள்ளையோ இரத்தக்கசிவோ காணப்படலாம். தாயிடமிருந்து பெற்ற ஹார்மோன்கள் குறைவதால் நிகழும் இது பெரும்பாலும் தானே நின்றுவிடும். தொப்புளிலிருந்து இரத்தமோ சீழோ கசிந்தாலும் வெள்ளைத் துணியே முதலில் காட்டிக் கொடுக்கும்.

நீலமும் இளஞ்சிவப்பும் ஆண் பெண் அடையாளமாக நிலைபெற்றது மேலை நாடுகளிலும் நெடுங்காலத்திற்கு முன்பன்று. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருபாற் குழந்தைகளுக்கும் வெள்ளை அங்கியே அணிவித்தனர். வெந்நீரில் இட்டு வெளுக்க எளிது என்பதும் அதற்கு ஒரு காரணம். 1918-ஆம் ஆண்டில் அங்கு வெளிவந்த வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பே ஆணுக்குரியது என்று எழுதியது. இன்று நாம் மாற்ற இயலாததாகக் கருதும் வழக்கம், கடை அலமாரியில் உருவாகி நம் ஊருக்கு வந்து சேர்ந்ததே.

பின்லாந்து அரசு 1938-ஆம் ஆண்டு வறிய தாய்மார்க்கும், 1949-ஆம் ஆண்டு முதல் எல்லாத் தாய்மார்க்கும் குழந்தை உடைகள் நிறைந்த பெட்டியை வழங்கி வருகிறது. கருவுற்ற நான்காம் மாதத்திற்குள் பரிசோதனைக்கு வந்திருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெட்டியிலுள்ள உடைகள் இருபாலருக்கும் பொதுவானவை. தமிழ்நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் கொண்ட அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் அறிமுகப்படுத்தப்பட்டது. துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் ஆகியவை அதில் அடங்கும். ஆணுக்கு ஒரு பெட்டகம், பெண்ணுக்கு வேறு பெட்டகம் என வகுக்கப்படவில்லை.

பாலினம் உடனே தெளிவாகாத குழந்தைகள்

அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கும்போது, வெளியுறுப்புகளைக் கண்டு ஆண் பெண் என்று உடனே கூற இயலாது. அத்தகைய குடும்பத்திடம் நாங்கள் வேண்டுவது பொறுமை. முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டால் இவ்வாறு நேர்ந்திருப்பின், முதல் சில வாரங்களில் உடலின் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். உரிய மருந்தால் காக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு அவசரம் வேண்டா. 2019-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் திருத்தும் அறுவைச் சிகிச்சை செய்வதை, உயிர் காக்கும் தேவை இருந்தாலன்றிச் செய்யக் கூடாதெனத் தமிழ்நாடு அரசு தடை செய்துள்ளது.

நம் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவுக்குத் திருநங்கையர் நாடெங்கிலுமிருந்து வந்து கூடுகின்றனர். இடைப்பாலினத்தவராகப் பிறப்பதும் திருநங்கையாக வாழ்வதும் ஒன்றல்ல. ஆயினும் மனிதர் அனைவரும் இரண்டு நிறங்களுக்குள் அடங்கிவிடுவதில்லை என்பதை நம் பகுதி மக்கள் நன்கறிவர். வெள்ளைத் துணி எடுத்து வைத்த குடும்பத்திற்கு, அண்டை வீட்டாரின் கேள்விகளுக்கு விடை கூறாமலே குழந்தையைப் பேணும் அவகாசம் கிடைக்கிறது.

எடுத்து வைக்க வேண்டியவை

எட்டாம் மாதம் முடிவதற்குள் கீழ்க்கண்டவற்றைத் துவைத்து உலர்த்திப் பையில் வைத்திருங்கள்.

1. துடைக்கவும் போர்த்தவும் மென்மையான பழம்பருத்தித் துணி: 5 அல்லது 6.
2. முன்புறம் திறந்து நாடாவால் கட்டும் ஜப்லா: 6. தலைவழியே மாட்டும் இறுக்கமான சட்டைகள் வேண்டா. நாடா பக்கவாட்டில் இருக்க வேண்டும்; கழுத்தைச் சுற்றி இருக்கக் கூடாது.
3. சதுரமான வெள்ளை இடுப்புத் துணி: 15 முதல் 20.
4. பருத்திக் குல்லா 2, காலுறை 2 இணை. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்துத் தளர்ந்த நூல்களை வெட்டிவிடுங்கள். விரலில் சுற்றிய நூல் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்.
5. ஊக்கு, மணி, பாசி, ஜரிகை, எளிதில் கழன்றுவிடும் பொத்தான் ஆகியவை எவ்வுடையிலும் இருத்தலாகாது.

அளவு சற்றுப் பெரிதாக இருக்கட்டும். குழந்தை விரைவில் வளரும். அண்ணன் அணிந்ததைத் தங்கைக்கும், அக்காள் அணிந்ததைத் தம்பிக்கும் தயங்காமல் அணிவியுங்கள். பட்டுப் பாவாடையும் குட்டி வேட்டியும் பெயர் சூட்டும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் குழந்தை யாரென்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வளர்க்க இயலாத நிலை ஏற்படினும் குழந்தையைக் கைவிட வேண்டா. 1098 என்னும் எண்ணில் அழைத்தால், சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க வழிகாட்டுவர்.

இனி எங்களிடம் "என்ன கலரில் எடுக்கலாம்?" என்று கேளாதீர்கள். "பிறந்தவுடன் போர்த்தத் துணி தயாராக உள்ளது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று பையைத் திறந்து காட்டுங்கள். அதில் தூய்மையும் மென்மையும் இருந்தால் போதும். செவிலியர் துணி கேட்டு வெளியே வரும்போது யாரும் தயங்க நேராது.